நான்காவது தேங்காய்

முதலாவதை மீட்க ஏழு நிமிஷம்.
இரண்டாவதுக்கு நாலு.
மூன்றாவது படகின் அடியில் முட்டி
பின்புறமாய் எழும்பி வந்தது.
"மண்டை உடைஞ்சிருக்கும்" என்றான் செல்வின்.
கொப்பியில் அதைத் தோல்வி என்றே எழுதினோம்.

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில்
நாள் முழுக்க மாத்திரை எண்ணுகிறவள் நான்.
எண்ணாமல் கடலுக்கு எதுவும் வராது:
தண்ணீர் எட்டுப் போத்தல்,
எறிகயிறு பதினைந்து மீற்றர்,
அபாய ஒளி மூன்று (ஒன்று காலாவதி,
எனக்கே வெட்கம்),
உரிக்காத முற்றல் தேங்காய் நான்கு.
போகும் வழியும் திரும்பும் நேரமும்
நளீமாவின் ஐஸ் கடைச் சுவரில் பென்சிலால்.
ஆறரை.
ஒரு நிமிஷம் பிந்தினாலும்
அவள் நேவிக்குப் போன் எடுப்பாள்.

மூக்குத்தி இருபத்தொரு அடிப் படகு.
அதில் இருவர்.
ஒருவர் விழுந்தால்
மிச்சம் ஒருவர்தான் மாலுமி, தேடுகிறவர்,
தூக்குகிறவர், கும்பிடுகிறவர் எல்லாம்.
ஆகவே ஒத்திகையில் எங்களுக்கொரு சட்டம்:
தேங்காய் தண்ணீரில் இருக்கும்வரை
செல்வின் படகில் இல்லை.
கைகளைத் தொடைக்கடியில் வைத்து
பேசாமல் குந்தியிருப்பான்.

கோணேசர் மலை முதுகுக்குப் பின்னே சிறுத்தது.
ஃபவுல் பொயின்ற் வெளிச்சவீடு இன்னும் எட்டவில்லை.
கொட்டியாரக் குடாவின் வாயில்
பச்சைத் தண்ணீர் சட்டென்று கறுக்கிற இடம்.
சோளகம் பலக்கத் தொடங்கியிருந்தது.
பாயை ஒரு மடிப்புச் சுருக்கலாமா என்று யோசித்தேன்.
யோசனை வந்த நேரத்திலேயே சுருக்கியிருக்க வேண்டும்.

நாலாவதை அவன் எறிந்தான்.
"ஆள் விழுந்தது!"
கை நீட்டிச் சுட்டினேன். கண் எடுக்கவில்லை.
கொஞ்சம் விலகி ஓடி, காற்றுக்குள் திரும்பி,
பாயைத் தளர்த்திப் படபடக்க விட்டு
தலைமாட்டில் போய் நிற்பதுதான் முறை.
திரும்பும்போது கயிறு கப்பியில் சிக்கியது.
குனிந்து பார்த்தேன்.
ஒரு மூச்சு. இரண்டு.

நிமிர்ந்தால்
அலைக்கொரு கறுத்த தலை.

"எங்க?" என்றேன்.
அவன் சட்டப்படி வாய் திறக்கவில்லை.
"விளையாட்டு இல்லை, கண்டனியா?"
"இல்லை. நான் உன்ர கையைத்தான்
பாத்துக்கொண்டிருந்தன்."

பாயைச் சுருக்கினேன், இப்போது, பிந்தி.
காற்றுக்குக் குறுக்கே போனோம், வந்தோம்,
ஒவ்வொரு கோட்டுக்கும் நேரம் குறித்து.
ஒரு தலையும் அவ்வளவுதான்
என்பதை இருவரும் சொல்லவில்லை.
அரை மணி கழித்து
ஒன்று மிதந்தது.
கொக்கித்தடியால் இழுத்தேன். பாசி, சிப்பி, வழுக்கல்.
மகாவலி எந்த ஊரிலிருந்தோ
எப்போதோ கொண்டுவந்து விட்டது.

"இது போதும், எங்கட எண்டே வைப்பம்."
"நீ விழுந்தால்
வேற ஒருத்தனை ஏத்திக்கொண்டு
வீட்டை போகவோ?"

அதைத் திருப்பி நீருக்குள் போட்டேன்.
ஆறு பத்து. போனில் இரண்டு கோடு சிக்னல்.
"நளீமா, ஏழரை எண்டு மாத்து.
தேடிக்கொண்டு நிண்டிட்டம்."
"ஆரை?"
"தேங்காயை."
அவள் சிரிக்கவில்லை.
பென்சில் சுவரில் உரசுவது கேட்டது.
"ஏழரை" என்றாள். "அதுக்கு மேல எடுப்பன்."

வெளிச்சம் பழுக்கும்போது தேடலை நிறுத்தினோம்.
நிறுத்து என்று சொன்னது நான்.
அந்தச் சொல்லைச் சொல்ல
இத்தனை நாள் ஒத்திகை பார்க்கவில்லை.

மறுநாள் சந்தையில்
ஒவ்வொரு தேங்காயாய்த் தூக்கி
செல்வினின் கன்னத்தருகே பிடித்து அளந்தேன்.
"தண்ணி நிறைய இருக்கு தங்கச்சி,
ஆட்டிப் பாருங்க" என்றார் கடைக்காரர்.
"ஒரேஞ்ச் பெயின்ற் அடிப்பமே?" என்றான் அவன்,
"தூரத்திலயும் தெரியும்."
"தேங்காய்க்கு வேண்டாம்" என்றேன்.

பக்கத்துக் கடையில் தொப்பி நானூறு ரூபாய்.
நாடிக்குக் கீழே கட்டுகிற கயிறுள்ளது,
கண் கூசுகிற ஒரேஞ்ச்.
அவனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.
இரண்டு வாங்கினேன்.