அ.சா.4

இருபத்திரண்டு வருடமாய் சத்துவாச்சாரி கோர்ட்டில்
சாட்சிகள் சொன்னதைத் தட்டச்சு செய்கிறேன்.
அதில் ஆறு வருடம் ஹெப்சிபா அம்மாவுக்கு.

குடியாத்தத்தில் முன்சீப்பாகச் சேர்ந்தவர்.
முதல் வழக்கே ஒரு வேப்பமரம்:
வேர் இவன் மனையில், நிழல் அவன் மனையில்.
வாய்தா வாங்கி வாங்கி மரம் பட்டுப்போனது.
விறகுக்குத்தான் தீர்ப்புச் சொன்னேன் என்பார்.
பிறகு ஆரணி, திருப்பத்தூர்,
கடைசியில் வேலூர் செஷன்ஸ்.

மே மாதம் கரண்ட் போனால்
கறுப்பு அங்கிக்குள் வியர்வை ஓடும்.
தொரப்பாடியிலிருந்து கைதி வண்டி வரும்வரை
மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த
பழைய ரயில் அட்டவணையைப் படிப்பார்.
எங்கும் போகமாட்டார்.

ராணிப்பேட்டை வழக்கு.
தோல் கம்பெனியின் கழிவுத் தொட்டி, மூன்று பேர்.
இறங்கச் சொன்னது யார் என்று
போலீஸில் சொன்ன காவலாளி கன்னியப்பன்
கூண்டில் ஏறி 'ஞாபகமில்லை' என்றான்.
பதினொரு முறை. தட்டியவன் நான், எண்ணினேன்.
பிறழ் சாட்சி என்றார் அரசு வக்கீல்.

"சந்தேகத்தின் பலனை" என்று
சொல்லத் தொடங்கி அம்மா தண்ணீர் கேட்டார்.
டம்ளர் காலியான பிறகும்
நான் காத்திருந்தேன்.
"எதிரிகளுக்கு அளித்து" என்று முடித்தார்.

மாலை கையெழுத்துப் போடும்போது கேட்டார்:
"அவனுக்குப் பிள்ளைங்க எத்தனை?"
அது கேஸ் கட்டில் இல்லை அம்மா, என்றேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம்
கிரீன் சர்க்கிளில் ஒரு லாரி, ஒரு ஸ்கூட்டர்.
நேரில் பார்த்தவர்களில் நான்காவது
பால் வாங்கப் போன ஹெப்சிபா அம்மா.
சம்மன் வந்தது. வந்தார்.
அதே கோர்ட், அதே மின்விசிறி.
பேரைக் கூப்பிடத் தயங்கிய டவாலி
பிறகு மூன்று முறை கூப்பிட்டான்.
புது ஜட்ஜ் நாற்காலி போடச் சொன்னார்.
வேண்டாம், நின்றே சொல்கிறேன் என்றார்.

சிக்னல்? சிவப்பு.
லாரி எங்கிருந்து? காட்பாடிப் பக்கம்.
ஓட்டியவன் சட்டை என்ன நிறம்?

எத்தனையோ உள்ளங்கை தேய்த்து வழுவழுத்த
கூண்டுக் கட்டையை அவர் பற்றினார்.
சின்ன வயசு வக்கீல், விடவில்லை.

"ஞாபகமில்லை."

சொல்லிவிட்டுப் பார்த்தது
ஜட்ஜை அல்ல, என்னை.
என் விரல் நின்றுவிட்டது.
"தட்டுங்க கோதண்டம்" என்றார்.

படித்துக் காட்டினேன். சரியென ஒப்புக்கொண்டார்.
பழக்கத்தில் ஜட்ஜ் கையெழுத்திடும் இடத்தில்
பேனாவை வைத்து, எடுத்து,
தள்ளிப் போட்டார்.
ஒரு மைப்புள்ளி அங்கேயே நின்றது.

வெளியே குடையை விரித்தபடி கேட்டார்:
"அந்தக் கன்னியப்பன் எந்த ஊரு?"
மேல்விஷாரம் தாண்டி, என்று ஆரம்பித்தேன்.
பேர் தொண்டைவரை வந்தது.
வெயிலில் இரண்டு பேரும்
கொஞ்ச நேரம் நின்றோம்.