விலகிய காரணம்

மூஞ்சிக்கல் இறக்கத்தில் இருக்கிறது ஓட்டல்.
பெயர்ப்பலகைக்குப் புதுப் பெயின்ட்.
"புக்கிங் இருக்கா மேடம்?" என்றான் வாசல்காரப் பையன்.
"இன்டர்வியூ."
பின்பக்கமாகப் போகச் சொன்னான்.
பின்பக்கம் தெரியும்.
கேஸ் சிலிண்டர்கள், காயாத பெட்ஷீட்டுகள்,
காட்டுமாடு முட்டிச் சாய்த்த
அதே வேலிக்கம்பி.

கூடத்துச் சோபாவில் உட்காரச் சொன்னார்கள்.
ஒன்பது வருஷம்
இந்தச் சோபாவுக்கு எதிரே நின்றிருக்கிறேன்,
கவுன்டருக்குப் பின்னால்,
குளிருக்கு நாலாய் மடித்த சாக்கின் மேல்.
உட்கார்ந்ததில்லை.
இவ்வளவு பள்ளமாய் உள்வாங்கும் என்று
இன்றுதான் தெரிந்தது.
எழுகிறவர்கள் எல்லாம் ஏன்
கைப்பிடியைத் தேடினார்கள் என்பதும்.

ஒரு ஃபாரம் கொடுத்தார்கள்.
மேலே ஓட்டலின் பெயர், அச்சில்.
'முன்பு பணிபுரிந்த இடம்' என்ற கோட்டில்
அதே பெயரை என் கையால் எழுதினேன்.
அடுத்த கோடு, 'விலகிய காரணம்.'
அரை அங்குலம் இடம்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், அபினேஷ்.
என் மகனைவிட இரண்டு வயது கூட இருக்கலாம்.
எனக்கு இந்த ஓட்டலை விளக்கினார்.
முப்பத்திரண்டு அறைகள் என்றார்.
இருபத்தேழாம் அறையின் சுவரில்
ஜூலையானால் நீர் ஊறும்,
அங்கே யாரையும் தங்கவைப்பதில்லை.
தலையாட்டினேன்.

முதலாளி படியிறங்கி வந்தார்.
இளைத்திருந்தார். குரங்குக் குல்லா மட்டும் அதே.
"ஸ்டெல்லாதானே?"
ஸ்டெல்லா திருப்பூர் போய்ப் பல வருஷம்.
"பவுனுத்தாய், சார்."
"ஆமா, பவி" என்றார்.
அது அவர்கள் வைத்தது, சட்டையில் குத்திக்கொள்ள.
"ஏம்மா போனே?"
பதிலுக்கு நிற்காமல்
சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

"நைட் டியூட்டியில இருக்கீங்க.
ஒரு கெஸ்ட் பில் கட்டாம கிளம்பிட்டா
என்ன செய்வீங்க?"

அவர் தாளில் அது நாலாவது கேள்வி.
எனக்கு அது ஏப்ரல் மாதம்,
விடியக்காலம் நாலே முக்கால்.
பதினெட்டாம் அறைப் பெண் இறங்கி வருகிறாள்.
இதோ வருகிறேன் என்று காரோடு போனவன்
போய் இரண்டு நாள்.
தோளில் தூங்கும் குழந்தை.
கையில் செருப்பு.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே மஞ்சு
தெருவிளக்கைத் தின்றுகொண்டிருந்தது.
ஐந்தே காலுக்கு வத்தலகுண்டு பஸ்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான்
கீழே விழாத பேனாவைத் தேடிக் குனிந்தேன்.
நிதானமாகத் தேடினேன்,
கதவு மணி ஒருமுறை அசைந்து ஓயும்வரை.

பதினோராயிரத்து நானூறு.
"தூங்கிட்டியா?" என்றதற்கு
"ஆமா" என்றேன்.
ஆறு சம்பளத்தில் பிடித்தார்கள்.
ஆறாவது கவரை வாங்கிய அன்று
பெயர் வில்லையைக் கழற்றி
சாவிப் பலகையில், பதினெட்டின் ஆணியில்
மாட்டிவிட்டுப் போனேன்.
அப்புறம் நாலு வருஷம் மருந்துக்கடை, கீழே, வெயிலில்.
இப்போது அந்தக் கடையும் இல்லை.

"தடுத்து நிறுத்துவேன் சார்."
"குட்" என்று ஒரு டிக் போட்டார்.

ஃபாரத்தைத் திருப்பினார்.
'குடும்பக் காரணம்' என்று எழுதியிருந்தேன்.
பொய்யில்லை.
யார் குடும்பம் என்று கோடு கேட்கவில்லை.
"இப்ப எல்லாம் சரியாயிடுச்சா?"
"தெரியலை சார்."
நிமிர்ந்து பார்த்தார்.
குழந்தைக்கு இப்போது ஏழு வயதிருக்கும்.
பள்ளிக்கூடம் போகும்.
"சரியாயிருக்கும்" என்றேன்.

திங்கட்கிழமை வரச் சொன்னார்.
சம்பளம், அன்று விட்டுப் போனதைவிட
அறுநூறு கூட.
கவுன்டரில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
சாக்கு இல்லை, ரப்பர் மிதியடி போட்டிருக்கிறார்கள்.
நாற்காலி இன்னும் இல்லை.
பேனாவை எடுத்தேன்.
நைலான் கயிற்றில் கட்டியிருந்தது.
இழுத்துப் பார்த்தேன்.
தரைவரை எட்டாது.