இருபது டிகிரி அறை

மார்த்தா கொடுத்துப்போன பாட்டிலை
முதலாளி தொடவில்லை.
கார்த்திகை மாதம், கழுத்தில் மாலை.
"லேப்ல எங்காச்சும் போட்டு வைங்க சுகந்தி"
என்றார், ரிஜெக்ட் ஆன பட்டன் டப்பாவைச் சொல்வதுபோல.

கார் ஏறும்முன் அவள் எனக்கு மட்டும் சொன்னாள்:
படுக்க வை. வெளிச்சம் காட்டாதே. குலுக்காதே.
பத்து வருஷம் பொறு.

திருப்பூரில் எது பத்து வருஷம் பொறுத்தது?
தொண்ணூறு நாளில் கப்பல் ஏறாத பனியன்
நம் செலவில் விமானம் ஏறும்.

ஆனால் எங்களிடம் ஓர் அறை உண்டு.
இருபது டிகிரி, ஈரப்பதம் அறுபத்தைந்து.
வெளியே பங்குனி தகிக்கும்போது
துணிகள் அங்கே படுத்து மூச்சு வாங்கும்.
அதன் பிறகுதான் எடை, நீளம், உண்மை.
குலுங்கும் மெஷினுக்கு எதிர்மூலையில்
ஷேடு அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால்
படுக்க வைத்தேன்.
அவள் கேட்டது பதிமூன்று டிகிரி.
இந்த ஊரில் இதுதான் பாதாளம்.

கொரோனாவில் கரண்ட்டை நிறுத்திப் பூட்டியபோது
அறைக்குள் முப்பத்தாறு ஏறியதை
ரெக்கார்டர் தாள் வரைந்து வைத்திருந்தது,
சென்னிமலை மாதிரி ஒரு மேடு.
அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை.

எட்டாம் வருஷம், சித்திரையில்
கம்ப்ரசர் செத்தது.
மெக்கானிக் வர ரெண்டு நாளாகும்.
"இனி வச்சா காடியாப் போயிரும் அம்மிணி"
என்றார் சாயப்பட்டறை மாரப்பன்.
"தொறந்துருங்க."

திறக்க எதுவும் இல்லை. மர ஸ்க்ரூ, கட்டிங் பிளேயர்.
பாதியில் ஒடிந்தது கார்க்.
வெள்ளை வாயில் துணியில் வடிகட்டிக்
கூம்புக் குடுவையில் ஊற்றினோம்,
ஐந்து முறை கழுவிய குடுவை.
பாட்டிலின் அடியில் தங்கியது
துணியில் பிடிக்காத சாயம்போல் ஒரு வண்டல்.

மாரப்பன் பீக்கரை லைட் பாக்ஸில் வைத்தார்.
"நடுவுல மெரூனுங்க, ஓரத்துல செங்கல்.
ஒரே லாட்டுல ரெண்டு ஷேடு.
நானா இருந்தா திருப்பி அனுப்பிருப்பேன்."

ரஹீமா குடிக்கமாட்டாள்.
வாசம் மட்டும் பார்க்கிறேன் என்று குனிந்தவள்
வெகுநேரம் நிமிரவில்லை.
"தார்" என்றாள். "அதுல ரோஜா.
பல்லடம் ரோட்டுல சாவு போன பின்னாடி
வெயில்ல தார் இளகிப் பூ ஒட்டிக் கிடக்குமே,
அது."
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

நான் ஒரு வாய் வைத்தேன்.
கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல் ஈறு இறுகியது.
துவர்ப்பு.
ஆறு சுவையில் ஒன்றென்று படித்தோம்,
விருந்துக்கு அதை யார் கூப்பிட்டோம்?

மாரப்பன் பள்ளிபாளையம் சிக்கன் பொட்டலம் பிரித்தார்.
மிளகாயும் அதுவும்
ஒரே வரப்பில் நின்ற பங்காளிகள்.
நாக்குதான் நடுவில் மாட்டியது.

என் டிபன் பாக்ஸில் மதியம் மீந்த
அரிசிம்பருப்பு, மேலே உறைந்த நெய்.
ஒரு கவளம் தின்று, ஒரு மடக்கு குடித்தேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே வந்து உட்கார்ந்தது துவர்ப்பு.
அதன் பின்னால் செர்ரி வரும் என்றிருந்தாள் மார்த்தா.
கேக் மேல் வைப்பதைத் தவிர
எனக்குச் செர்ரி தெரியாது.
களாப்பழம் வந்தது.
"நெய்யில கெடக்குதுங்க சூட்சுமம்" என்று
மாரப்பன் என் டப்பாவை இழுத்துக்கொண்டார்.

முப்பத்தொன்பது டிகிரி இரவு.
குடுவை காலியாகுமுன் ஒரு சொட்டெடுத்து
ஆறு நார் வெள்ளைப் பட்டையில் விட்டு
சோப்பில் அலசினேன், பழக்கதோஷம்.
பாலியெஸ்டர் விட்டுவிட்டது. பருத்தி லேசாய்.
கம்பளி மட்டும் விடவேயில்லை.

ரிஜிஸ்டரில் ஒட்டி எழுதினேன்:
பையர்: மார்த்தா.
கறை: ஐந்துக்கு இரண்டு. தேறவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில் வெகுநேரம் பேனா நின்றது.
பிறகு எழுதினேன்:
நெய்யோடு மறுபடி சோதிக்கவும்.