இடக்கை அளவு

காரைக்குடியில் கழனிவாசல் தாண்டி மரவாடி.
என் மஞ்சள் பையில், வாழை இலைச் சருகில் சுற்றி,
ஒரு கைப்பிடி இடியாப்ப மாவு.
புதுவயல் சந்தையில் கறி வெட்டும் இருளாயி
இறுக்கிப் பிடித்துக் கொடுத்த அச்சு.
இடக்கை.
மோதிரவிரல் பாதிதான் பதிந்திருக்கிறது.
மீதியைப் போன ஆடியில்
வழுக்கிய கத்தியே எடுத்துக்கொண்டது.

"கத்தி நல்ல கத்திதாண்ணே," என்றாள்.
"பிடிதான் சரியில்ல.
எலும்புல இறங்கையில கை அதிரக் கூடாது.
கொழுப்புப் பட்டாலும் நழுவக் கூடாது.
வேற எப்படியும் இருக்கட்டும்."

நைனா ராவுத்தர் சாத்தி வைத்திருக்கும்
பர்மாத் தேக்குத் தூண்களைச் சுற்றிக்கொண்டு போனேன்.
நிலைக்கும் உத்தரத்துக்கும் அது ராஜா.
நகம் அழுந்தினால் கோடு விழுகிற ராஜா.

கருங்காலி காட்டினார்.
"ஊரெல்லாம் மாலை போட ஆரம்பிச்சதுலேர்ந்து
வெலை எங்கேயோ போயிருச்சு.
ஒனக்குன்னு ஒளிச்சு வச்சேன்."
தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தேன்.
துணிதான் கருங்காலி ஆனது.
அவர் வெற்றிலையைப் பார்த்தார்,
நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன்.
டீ வந்தது, குடித்தோம்.

அடுத்து ஈட்டி, முக்கால் முழம்.
ஊதா ஓடிய ரேகை.
தட்டினால் வெண்கலம்.
வெட்டுவாயில் நாக்கை வைத்தேன், ஒட்டவில்லை.
வெயிலுக்குத் திருப்பினேன்:
ஓரத்தில் மயிரிழை வெடிப்பு,
மேலே மெழுகு.
எண்ணூறு என்றார்.
ஹோட்டல் வரவேற்பறையில் தொங்கும் வாளுக்கு
இது போதும். போன மாதம் ஒன்றுக்குப் போட்டேன்.
அதை உறையிலிருந்து யாரும் உருவப்போவதில்லை.
இருளாயி விடிகாலை நாலு மணிக்கு உருவுவாள்.

அப்போதுதான் லாரி பின்னால் வந்தது.
கிளீனர் ஒரு கட்டையை
சக்கரத்தடியில் உதைத்துத் தள்ளினான்.
அத்தனை பாரமும் வந்து அதன்மேல் சாய்ந்தது.
கட்டை முனகவே இல்லை.

குப்புறப் படுத்தேன்.
கிரீஸும் செம்மண்ணும் அப்பிய முண்டு.
சாவியால் சுரண்டினேன்,
சாவிதான் வளைந்தது.
பின்னிய நார், காய்ந்த ஈரலின் நிறம்.
புளி. புளியின் வைரம்.
இந்த ஊரில் வைரம் என்றால்
எல்லோரும் காதையும் மூக்கையும்தான் பார்ப்பார்கள்.

"இது என்ன வெலை, நைனா?"
"அது விக்கிறதுக்கில்லப்பா. லாரி நிக்க வேணாமா?
பதினோரு வருசமா அதுதான் அடை."

பதினோரு வருசம்.
ஐப்பசி மழை, டீசல், கத்திரி வெயில்.
வெடிக்கிற மரமாயிருந்தால்
எப்போதோ வெடித்திருக்கும்.

ஈட்டிக்கு எண்ணூறை எண்ணி வைத்தேன்.
ஈட்டியைக் கொண்டுபோய்க் கிளீனரிடம் கொடுத்தேன்.
அவன் என்னைப் பார்த்தான்,
நைனாவைப் பார்த்தான்,
டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை ஒரு முழம் முன்னே நகர்த்தச் சொன்னான்.

புளியை நான் எடுத்ததும்
லாரி ஈட்டியின்மேல் உட்கார்ந்தது.
மெழுகுக்குக் கீழே எதுவோ வாய் திறந்த சத்தம்.
"அடப்பாவி" என்றார் நைனா.
எனக்கா, மரத்துக்கா, கேட்டுக்கொள்ளவில்லை.

புதுவயல் பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
மாவு காய்ந்து, விரல் தடங்களுக்கு இடையே விரிசல் விட்டிருந்தது.
கம்பியில் வலக்கை.
கட்டையை இடக்கையில் பிடித்து
மோதிரவிரலை மடக்கிக்கொண்டேன்.
கோவிலூர் வளைவில் பஸ் சாய்ந்தபோது
கட்டை எங்கே நழுவப் பார்க்கிறது என்று தெரிந்தது.
சுண்டுவிரலுக்கு மேலே, உள்ளங்கைப் பக்கம்.
அங்கே ஒரு மேடு விட்டுச் செதுக்க வேண்டும்.
அரை விரல் கனம்.

கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டினார்.
"அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றேன்.
அந்தப் பிடியை விட்டால்
மறுபடி கிடைக்குமோ என்னவோ.