கட்டம் மாறி எழுதியவன்

ஷார்ஜா. வியாழன் இரவு ஒன்பதே கால்.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
வலப்பக்கம் புகார் கொடுப்பவர்,
இடப்பக்கம் குற்றம் சாட்டப்படுபவர்.
ஜெனிஷ் தன் பெயரை
இடப்பக்கம் எழுதினான்.

தெரியாமல் அல்ல.
ஒன்பதாம் வகுப்புவரை அரபி படித்தவன்,
என் உச்சரிப்பையே திருத்தக்கூடியவன்.

நான் மொழிபெயர்ப்பாளர். மணிக்கணக்கில் கூலி.
விசாக் கோளாறு, சம்பள பாக்கி,
லிஃப்டுக்குள் நடந்த அடிதடி,
எல்லாவற்றுக்கும் சொல் வைத்திருக்கிறேன்.
இரண்டு மாதமாய் ஏன் யாரிடமும் சொல்லவில்லை
என்று அதிகாரி கேட்டதற்கு அவன்
"மானம் போயிரும்லா" என்றான்.

மூன்று அரபிச் சொற்களை வைத்துப் பார்த்தேன்.
ஒன்று வெட்கம், ஒன்று கௌரவம்,
ஒன்று வீட்டுப் பெண்களைப் பற்றியது.
எதுவும் மேசைக்கடியில் ஆடிய
அந்த முழங்காலுக்குப் பொருந்தவில்லை.

மறுமுனையில் இருந்தது பெண்ணே இல்லை என்றார் அதிகாரி.
திருடிய முகம். எங்கோ ஓர் அறை.
ஒரே மிரட்டல், எழுத்துப் பிழையோடு,
நூறு பிள்ளைகளுக்கு.
"நூறு பேரா?"
அன்றிரவு அவன் முதல்முறை நிமிர்ந்தது அப்போதுதான்.

முதலில் இருநூறு திர்ஹாம். பிறகு ஐநூறு.
பக்காலாக்காரர் கேம் கார்டு என்று நினைத்துப்
பற்று நோட்டில் எழுதிவைத்திருந்தார்,
பாலுக்குக் கீழே, குபூஸுக்கு மேலே.
அந்த நோட்டு இப்போது சாட்சி.

அப்பா ஹம்ரியா யார்டில் வெல்டர்.
"ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?" என்றார்,
யாரிடமென்று இல்லாமல்.

தந்தார்கள். பத்து நிமிடம்.
அசெம்பிளி வெயிலில்: அந்நியரோடு பேசாதீர்கள்.
பேசிவிட்டவன் பிறகு எங்கே போக வேண்டும் என்பது
அந்தப் பத்து நிமிடத்தில் இல்லை.
தீ விபத்துக்கு வருடம் இருமுறை ஒத்திகை உண்டு.
எந்தப் படிக்கட்டு, எந்த வரிசை, எங்கே போய் நிற்பது;
யார் கொளுத்தியது என்று அங்கே யாரும் கேட்பதில்லை,
முதலில் வெளியே வா என்பார்கள்.

சட்டம் இருக்கிறது, எண்ணோடு, உட்பிரிவோடு.
நானே வாசித்துச் சொன்னேன்:
மிரட்டியவனுக்குத்தான் தண்டனை.
"அப்ப எனக்கு?"
அதிகாரி புதிய படிவம் ஒன்றை எடுத்து
வலப்பக்கக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
பேனாதான் இரண்டு தரம் கீழே விழுந்தது.

வீடு வந்தபோது பதினொன்றரை.
மகள் சோபாவில்,
போன் கவிழ்ந்து கிடந்தது பக்கத்தில்.
சொல்லை மாற்றியே சம்பாதிப்பவள்
தொடங்க ஒரு தமிழ் வாக்கியம் கிடைக்காமல்
செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

"என்னம்மா?"
"ஒரு படிவத்தைப் பத்திச் சொல்லணும்."

காலை மடக்கி
இடம் விட்டாள்.