இரண்டாம் தவணை

எமில் மெலான்சோன் என் முட்டையைத் திருப்பித் தந்தான்
ஒரு சூப்புக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றி.
மஞ்சள் கருவின் ஓரம்
விரல் நீளத்துக்கு வெள்ளையாய் ஒன்று
தையல் பிரிந்ததுபோல் சுருண்டு கிடந்தது.
"ஒடீல், உன்னுடையது" என்றான்.
கோபப்பட்டிருக்கலாம்.

பதினோரு வருடமாய் இந்த நோவா ஸ்கோஷியக் கரையில்
நண்டு ஆலையில் ஓடு உடைக்கிறேன்.
பழுதைக் கண்வீச்சிலேயே ஒதுக்குகிற ஆள்.
கொல்லையில் ஏழு கோழிகள் கொண்டை வெளுத்து
ஒடுங்கி நின்றதைக்
குளிர் என்று நினைத்திருந்தேன்.

"உருளைப்புழு. எல்லார் வீட்டிலும் வரும்"
தொலைபேசியில் கால்நடை மருத்துவர்.
எல்லார் வீட்டுக்கும் எதிரில்
எமில் இல்லையே.

இருட்டியபின்தான் மருந்து.
அடைந்துவிட்ட கோழிக்குச் சண்டை மறந்துபோகும்.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாய்த் தலையணை உறையில் போட்டு
மீன் தராசில் தொங்கவிட்டேன்.
எடைக்கேற்ற அளவு.
அலகை நெம்பி, நாக்குக்குப் பக்கவாட்டில், மெதுவாய்;
மூச்சுக்குழலில் இறங்கினால் மருந்தே எமன்.
கிழட்டுச் சிவப்பி மட்டும்
என் கம்பளிச் சட்டையில் துப்பினாள்.
எவ்வளவு அவளுக்குள், எவ்வளவு கம்பளிக்குள்?
மறுபடி கொடுப்பதா, விடுவதா?
அவளைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றேன்.
வளைகுடாவில் மூடுபனிச் சங்கு
இரண்டுமுறை ஊதி ஓய்ந்தது.

காலையில் எச்சத்தில்
வேகவைத்த சேமியாபோல், செத்தவை.
வைக்கோலை வாரி எரித்தேன்.
புழுவின் முட்டை மண்ணுக்குள்
வருடக்கணக்கில் பொறுத்திருக்குமாம்.

என் கோழிகளுக்குப் பொறுமை கிடையாது.
சூடாய், பழுப்பாய், தினம் நாலைந்து இட்டன.
மருந்து உடம்பைவிட்டு இறங்கும்வரை
ஒருவர் வாயிலும் வைக்கக் கூடாதவை.
வாளியில் உடைத்துக் கொட்டினேன்.
கொட்டப்போவதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?
ஆனாலும் பார்த்தேன் ஒவ்வொன்றையும்
ஆலை விளக்கடியில் நிற்பதுபோல் குனிந்து.

இரண்டாம் தவணைக்குச்
சிவப்பி என்னை முறைத்தபடியே விழுங்கினாள்.

நாள்காட்டியில் மருத்துவர் சொன்ன கடைசிக் கட்டத்தையும் அடித்துவிட்டு
எமிலின் கிண்ணத்தில், சோப்புப் போட்டு இருமுறை கழுவியதில்,
ஆறு முட்டைகளோடு சாலையைக் கடந்தேன்.
அவன் ஒன்றை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
வாணலியில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது.
"நீயே உடை" என்று நீட்டினான்.

பதினோரு வருடம் ஓடு உடைத்த கை.
வாணலி விளிம்பில் ஒருமுறை தட்டினேன்.
விரிசல்கூட விழவில்லை.