பதினாறாவது வளைவு

வெளிச்சம் பார்க்க ஆள் வேண்டுமென்று
நாகலூர் கடைவீதியில் கேட்டார்கள்.
நாயகி ஐந்தடி மூன்றங்குலம். நானும் அதே.
நாயகன் உயரத்துக்கு
மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மாதேசனை
லாரியிலிருந்து கையைப் பிடித்து இறக்கினார்கள்.
நாளுக்கு நூற்றைம்பது, மத்தியானம் முட்டையோடு சோறு.
எஸ்டேட்டில் அப்போது எழுபது.

சில்வர் ஓக் மரத்தடியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு.
ஒன்றில் நான், ஒன்றில் அவன்.
"இன்னும் அரையடி கிட்ட வாம்மா."
வந்தேன்.
"என்னைப் பாக்காத, அவனைப் பாரு."
பார்த்தேன்.
வெளிச்சம் அளக்கிறவர் என் கன்னத்தருகே
கருவியை வைத்து ஏதோ எண் சொல்வார்.
மேகம் வந்தால் நின்றபடியே காத்திருக்க வேண்டும்.
ஏற்காட்டில் மேகத்துக்கா பஞ்சம்?
இருபது நிமிடம், அரைமணி.
அவன் மூக்கில் எறும்பு ஏறி, யோசித்து, இறங்கியது.
சிரிக்காமலிருக்க இருவரும் பல்லைக் கடித்தோம்.
பிறகு "நகருங்க" என்பார்கள்.
குடைக்கடியிலிருந்து அவர்கள் வந்து
எங்கள் கோட்டில் நின்று
காதலிப்பார்கள்.

மாதேசன் அதிகம் பேசமாட்டான். பேசினால் லாரியைப் பற்றி.
ஒன்பதாம் நாள், மேகத்துக்குள் நிற்கையில்
"திருப்பூர்ல எங்க மாமன் இருக்காரு" என்றான்.
அதற்கு என்ன சொல்வது?
"ம்" என்றேன்.
வெளிச்சக்காரர் மறுபடி வந்தார்.
"என்னம்மா, மொகத்துல நெழல் விழுது" என்று
பலகையைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார்.

கடைசிக் காட்சி மலைப்பாதையில்.
நாயகன் ஊரைவிட்டுப் போகிற பஸ்.
நாயகிக்குக் குதிகால் வீக்கம்.
"தூரத்து ஷாட்தான, இந்தப் பொண்ணே ஓடட்டும்.
அந்தப் பையன் ஜன்னலோரம் உக்காரட்டும்."
அவள் நீலப் பாவாடையை எனக்குக் கட்டி
இடுப்பில் ஊக்கு குத்தினார்கள்.
செருப்பு வேண்டாமென்றார்கள்.

பஸ் கிளம்பியது. ஓடினேன்.
டீசல் புகை, தார்ச் சூடு,
கட்டைச்சுவரில் குரங்குகள் எழுந்து நின்றன.
ஜன்னலில் மாதேசனின் பின்மண்டை.
திரும்பக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள்.
திரும்பவில்லை.

பதினைந்தாவது வளைவில் திருப்பிக்கொண்டு
கால்மணி நேரத்தில் பஸ் மேலே வந்துவிட்டது.
இறங்கியவன் என் காலைப் பார்த்தான்.
கட்டைவிரல் நகம் பாதி இல்லை.
"அவங்க எப்பவோ கட் சொல்லிட்டாங்க.
டிரைவர் கண்ணாடியில பாத்தேன்,
எதுக்கு அவ்ளோ தூரம் ஓடியாந்த?"
"காதுல விழல."
ஒலிபெருக்கியில் சொன்னது
அடிவாரத்துக்கே கேட்டிருக்கும்.

முதல் மழைக்குக் காப்பி பூத்த வாரம்
அவன் திருப்பூர் போனான், விடியலில், பால்வண்டியில்.
நான் களத்தில் மிளகு கிளறிக்கொண்டிருந்தேன்.
வண்டிச் சத்தம் கேட்டது.
கிளறிக்கொண்டிருந்தேன்.

ஆடி கழிந்து படம் வந்தது.
சேலத்தில் மேட்னி, தனியாக.
நர்சிங் விண்ணப்பம் வாங்க என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.
அதையும் வாங்கியிருந்தேன்.

கதைப்படி அவள் ஏழு வருஷம்
அதே வளைவில் காத்திருக்கிறாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஏழு வருஷம் நிற்கக் குரங்கு விடுமா?

பிறகு அந்த ஓட்டம்.
கால் மட்டும், நான்கு நொடி.
ஐந்தாவது நொடியில் அவள் முகம், அவள் கண்ணீர்.
பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையில் மூக்கைத் துடைத்தாள்.
"ஏங்க, அது என் காலுங்க" என்று
சொல்ல வாயெடுத்து
முறுக்கைக் கடித்தேன்.
பஸ் ஜன்னலில் அந்தப் பின்மண்டையும் இருந்தது,
கலங்கலாக,
யாருடையதாகவும் இருக்கலாம்.

கடைசி பஸ்ஸில் மேலே வந்தேன்.
மடியில் விண்ணப்பம் மடங்காமல்.
பதினாறில் ஹெட்லைட் கட்டைச்சுவரைத் தடவிப் போனது.
குரங்குகள் தூங்கப் போயிருந்தன.
செருப்பைக் கழற்றிப் பார்த்தேன்.
நகம் முழுசாக வளர்ந்திருந்தது,
கொஞ்சம் கோணலாக.